பைபர்கிளாஸ் பாய்மரப் படகில் விரிசல்: பட்டி வைப்பதற்கு முன்

படகின் மேல்தளமான வெள்ளை டெக்கில் முடி விழுந்த மாதிரி ஒரு கோடு தெரிந்ததும் கை தானாகப் பட்டிக் கத்தியைத் தேடும். பட்டி வைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டால் படகு புதுசு மாதிரிதான் இருக்கும். நாலு முறை பலத்த காற்றில் ஓட்டி வந்ததும் அதே இடத்தில் அதே கோடு, சில சமயம் பக்கத்தில் ஒரு தம்பியையும் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கும். படகின் வெளிப்பூச்சான ஜெல்கோட் சும்மா விரிவதில்லை. அதன் அடியில் இருப்பது வளைந்திருக்கும், அல்லது அடி வாங்கியிருக்கும், அல்லது படகு கட்டும்போதே ஜெல்கோட்டை அளவுக்கு மீறித் தடிமனாகப் பூசியிருப்பார்கள். இவற்றில் எது என்று தெரியாமல் பட்டி டப்பாவைத் திறந்தால் வேலை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

ஜெல்கோட் என்பது நிறமி கலந்த பாலியஸ்டர் ரெசின் பூச்சு, அவ்வளவுதான். தடிமன் பொதுவாக அரை மில்லிமீட்டர். உள்ளே கண்ணாடி நார் கிடையாது, அதனால் இழுத்தால் தாங்காது. அதன் கீழே நாரும் ரெசினும் சேர்ந்த லேமினேட் இருக்கிறது. அது வளையும், திரும்பவும் நிமிரும். மூங்கில் தட்டியில் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு வளைத்துப் பாருங்கள்: தட்டிக்கு ஒன்றும் ஆகாது, சுண்ணாம்பு வெடித்துவிடும். பெரும்பாலான விரிசல்களின் கதை இதுதான். பயப்பட வேண்டியது, தட்டியே ஒடிந்திருக்கும் அந்தச் சில இடங்களுக்கு மட்டும். சோதனை முழுக்க அந்தச் சிலவற்றைப் பிரித்தெடுப்பதற்காகத்தான்.

விரிசலின் வடிவமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். காய்ந்த குளத்து மண் போல எல்லாப் பக்கமும் பின்னிக் கிடக்கும் மெல்லிய வலை, பல ஆண்டு வெயிலும் சூடு குளிர் மாற்றமும் தடிமனான ஜெல்கோட்டில் செய்த வேலை. முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டினாலே ஜெல்கோட் இப்படி வெடிக்கப் பார்க்கும். அச்சில் ஜெல்கோட் தேங்கி நிற்கும் மூலைகளில், ஓட்டுபவர் உட்காரும் பள்ளமான காக்பிட்டின் உள்வளைவுகளில், வழுக்காமல் இருக்கப் போடும் சொரசொரப்புப் பரப்பில் இதை அதிகம் பார்க்கலாம். அசிங்கமாக இருக்கும், ஆபத்து கிடையாது.

ஒன்றுக்கொன்று இணையாக நாலைந்து கோடுகள் ஓடினால் அந்த இடம் கீல் வைத்த கதவு போல மடங்கி மடங்கி நிமிர்கிறது என்று பொருள். உள்ளே போய் அதே இடத்தைப் பார்த்தால் பல்க்ஹெட் எனும் குறுக்குத் தடுப்போ, அலமாரியின் விளிம்போ படகின் உடலான ஹல்லின்மேல் நேராக முட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் ஹல் அலைக்கு வளைகிறது, தடுப்பு இருக்கும் கோட்டில் மட்டும் வளைய முடியவில்லை. இதைத்தான் ஹார்ட் ஸ்பாட் என்பார்கள். தடுப்புக்கும் ஹல்லுக்கும் நடுவே மெத்தென்ற ஃபோம் பட்டை வைத்து, இருபுறமும் அகலமாக நார் ஒட்டியிருந்தால் இது வந்திருக்காது.

ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் சிதறும் நட்சத்திரம், அல்லது ஒன்றைச் சுற்றி ஒன்றாக வளையங்கள் — இரண்டும் அடி விழுந்த அடையாளம். உள்பக்கத்திலிருந்து இடித்தால் நட்சத்திரமும், வெளியிலிருந்து விழுந்தால் வளையங்களும் அதிகம் வரும். பாய்க் கயிற்றை இறுக்கும் விஞ்ச் உருளையின் கைப்பிடி கைதவறி விழுந்த இடத்தில் வளையம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆனால் வெளியே யாரும் இடிக்காத ஹல்லின் பக்கவாட்டில் நட்சத்திரம் இருந்தால், உள்ளே கட்டாமல் விட்ட கனமான பொருள் ஏதாவது உருண்டு மோதியதா, தாங்கு கட்டையின் முனை ஒரே புள்ளியில் அழுத்தியதா என்று பார்க்க வேண்டும்.

போல்ட் அல்லது ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து கிளம்பும் குட்டிக் கோடுகள் துளை போட்டவரின் அவசரத்தைக் காட்டும். ஓட்டையின் விளிம்பைச் சாய்வாகச் சீவாமல் ஸ்க்ரூவை முறுக்கினால் அதன் மரை ஜெல்கோட்டை ஆப்பு மாதிரி மேலே தள்ளும். ஜெல்கோட் மட்டத்தில் துளை, ஸ்க்ரூ மரையின் வெளிவிட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், விளிம்பைக் கவுன்டர்சிங்க் பிட்டால் ஒரு சுற்று சீவியிருக்க வேண்டும். டிரில்லை முதல் சில நொடிகள் எதிர்ச்சுற்றில் ஓட்டினால் ஜெல்கோட் பெயராமல் துளை விழும். இதில் ஐந்து நிமிடம் கூடச் செலவாகாது, ஆனாலும் பாதிப் படகுகளில் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

வடிவம் பார்த்த பிறகு கையை வைக்க வேண்டும். அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகு நீக்கியால் துடைத்துக் காயவிடுங்கள். நீரில் கரையும் மையைத் துணியில் தொட்டு விரிசலின்மேல் தேய்த்து உடனே துடைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுனிகள்கூட மை குடித்துக் கருப்பாக நிற்கும். நிரந்தர மார்க்கர் வேண்டாம், பழைய ஜெல்கோட்டின் துளைகளில் இறங்கினால் பிறகு போகாது. ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கீறல் போட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். மூன்று மாத ஓட்டத்துக்குப் பிறகு கோடு கீறலைத் தாண்டியிருந்தால் அது வளரும் விரிசல். தாண்டவில்லை என்றால் எப்போதோ நடந்து முடிந்த சமாச்சாரம். இதைவிட மலிவான, நம்பகமான கருவி வேறு கிடையாது.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தியல், அல்லது ஒரு நாணயம் போதும். நல்ல லேமினேட் 'டக்' என்று கூர்மையாகச் சொல்லும், அடுக்கு பிரிந்த இடம் 'தொப்' என்று மந்தமாகச் சொல்லும். விரிசலிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்கி அதை நோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒலி மாறும் இடங்களைப் பென்சிலால் புள்ளி வைத்துச் சேர்த்தால் சேதத்தின் எல்லை வரைபடமாகக் கிடைத்துவிடும். உள்ளே பல்க்ஹெட்டோ தொட்டியோ இருந்தாலும் ஒலி மாறும் என்பதால், படகின் மறுபக்கத்தில் அதே இடத்தையும் தட்டி ஒப்பிட வேண்டும். ஈரப்பத மீட்டர் உதவும், ஆனால் அதன் எண்ணை வேதவாக்காக எடுக்கக் கூடாது. பின்னால் உலோகம் இருந்தாலோ, செம்பு கலந்த அடிப்பாகப் பெயின்ட்டின்மேல் வைத்தாலோ, இரவுப் பனி காயாமல் இருந்தாலோ எகிறும். காய்ந்தது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தின் அளவோடு ஒப்பிட்டால் மட்டுமே அதற்கு அர்த்தம் உண்டு.

இவற்றையெல்லாம் விட முக்கியம், அசைத்துப் பார்ப்பது. பாதுகாப்புக் கம்பியைத் தாங்கும் ஸ்டான்ஷன் கம்பத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பாய்மரப் படகின் டெக் விரிசல்களில் பெரும்பங்கு அதன் காலடியில்தான் இருக்கிறது. கம்பத்தின் உயரம் ஏறத்தாழ 60 செ.மீ. அடித்தட்டில் போல்ட்டுகளின் இடைவெளி 6 செ.மீ. என்று வையுங்கள். கரையில் நிற்பவர் உச்சியைப் பிடித்துப் படகை இழுக்கிறார், 50 கிலோ விசை. பத்துக்கு ஒன்று நெம்புகோல்: உள்பக்க போல்ட்டுகளை மேலே பிடுங்கும் விசை 500 கிலோ. வெளிவிளிம்பு அதே அளவுக்கு டெக்கைக் கீழே அழுத்துகிறது. அடியில் காசு அகல வாஷர் மட்டும் இருந்தால் டெக் என்ன செய்யும்?

ஒருவர் கம்பத்தின் உச்சியைப் பிடித்து உள்ளும் வெளியும் மெதுவாக ஆட்டட்டும். இன்னொருவர் விரல் நுனியை விரிசலுக்குக் குறுக்கே வைத்திருக்கட்டும். கோட்டின் ஒரு உதடு மேலேறி இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். விரிசலில் சில சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் இன்னும் நல்லது. ஆட்டும்போது குமிழி வந்தால் விரிசல் அடிவரை திறந்திருக்கிறது. பிறகு கீழே இறங்கி, அறையின் கூரைத் துணியை விலக்கி அந்த போல்ட்டுகளைப் பாருங்கள். துருக்கறை, பழுப்பு நீர் வழிந்த தடம், நட்டைச் சுற்றி வெளுத்த வளையம் ஏதாவது இருக்கிறதா? பால்சா கட்டையை நடுவில் வைத்துச் செய்த டெக்காக இருந்தால், ஒரு போல்ட்டைக் கழற்றி, வளைத்த கம்பியால் துளைக்குள் சுரண்டிப் பார்ப்பது நல்லது. வைக்கோல் நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் பிழைத்தது. கருப்பாகக் குழைந்து வந்தால் விரிசல் இனி சின்னப் பிரச்சினை; டெக்கின் உள்ளீடே அழுகிக்கொண்டிருக்கிறது.

இதற்கான வைத்தியம் மேலே அல்ல, கீழே தொடங்குகிறது. துளையைச் சுற்றி உள்ளிருக்கும் பால்சாவைச் சுரண்டி எடுத்துக் காயவைத்து, சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு மறுபடி துளை போட வேண்டும். அடியில் 6 மி.மீ. எப்பாக்ஸி நார்த் தகடோ அலுமினியத் தகடோ, மேலே உள்ள அடித்தட்டைப் போல இரு மடங்கு பரப்பில், மூலைகள் உருட்டி விளிம்புகள் சீவி வைக்க வேண்டும். கூரான மூலை விட்டால் அடுத்த விரிசல் அந்த மூலையிலிருந்து கிளம்பும். டெக்கின் அடிப்பரப்பு மேடுபள்ளமாக இருந்தால் தகட்டைக் கெட்டி எப்பாக்ஸியில் படியவைத்து, அது இறுகிய பிறகே நட்டை முறுக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பின்புதான் மேலே உள்ள கோட்டுக்கு ஜெல்கோட்.

பாய்மரத்தின் காலடி வேறு கணக்கு. பாய்மரம் டெக்கின்மேல் நிற்கும் படகில் பக்கக் கம்பிகளின் இழுப்பு முழுவதும் ஒரு தாங்கு தூண் வழியாகக் கீழே இறங்குகிறது. தூணின் அடிக்கட்டை உளுத்தால் கூரை அமிழும். காலடியைச் சுற்றி வட்டமாக விரிசல் வரும். நேரான பலகையைக் குறுக்கே வைத்து நடுவில் எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் என்று அளந்து எழுதிவையுங்கள். உள்ளே ஒரு எளிய சாட்சி உண்டு: கம்பிகளை இறுக்கிய பிறகு கழிப்பறைக் கதவு சட்டத்தில் உரசினால் பல்க்ஹெட்டோ கூரையோ நகர்கிறது. பக்கக் கம்பிகள் மாட்டும் செயின்பிளேட் டெக்கைத் துளைத்துப் போகும் இடத்தில் விரிசலோடு துருநீர்க் கோடும் இருந்தால், ஜெல்கோட்டை மறந்துவிட்டுத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். காற்றுப் படாத ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், டெக்கின் தடிமனுக்குள் மறைந்திருக்கும் அந்த மூன்று செ.மீ.யில் பாதி தின்றுபோயிருக்கும்.

ஹல்லுக்கு அடியில் கீழ்நோக்கி நீளும் கனமான கீல் (keel) பக்கம் வந்தால் விளையாட்டெல்லாம் முடிந்தது. கீலும் ஹல்லும் சேரும் கோட்டில், முன்முனையில் சிரிப்பு மாதிரி வளைந்து ஒரு விரிசல் பல படகுகளில் உண்டு. அநேகமாக அது இணைப்பை மூடிப் பூசிய பட்டி வெடித்ததுதான். ஆனால் அந்தச் சிரிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கீலின் அடிமுனை பாறையில் மோதும்போது கீல் பின்னோக்கி நெம்புகிறது: முன்முனை ஹல்லை விட்டுக் கீழே விலகப் பார்க்கும், பின்முனை ஹல்லை மேலே குத்தும். அதனால் உண்மையான சேதம் பெரும்பாலும் உள்ளே, கீலின் பின்முனைக்கு நேர் மேலே இருக்கும். தரைப்பலகையைத் தூக்கி, அங்குள்ள குறுக்குத் தாங்கிகள் ஹல்லோடு ஒட்டிய விளிம்பில் வெண்மையாகப் பிளந்த நார், நீர் ஓடும் துளைகளின் மூலையில் மயிரிழைக் கோடு, போல்ட் வாஷரைச் சுற்றிக் குழிவு இருக்கிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

படகைக் கரையேற்றும்போது இரண்டு அளவு எடுக்கலாம். படகு தூக்கும் பட்டைகளில் தொங்கும்போது கீல் கீழே இழுக்கும், கீலின்மேல் உட்காரவைத்ததும் அழுத்தும். கீல் சுமை தாங்கி நிற்கும் நிலையில் விரிசலில் ஃபீலர் கேஜ் எனும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை விட்டு அளந்துகொள்ளுங்கள். தொங்கும் நிலையில் படகுக்கு அடியில் தலையை நீட்டாமல், பக்கத்தில் விலகி நின்று பெரிதாக்கிப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். கோடு வாய் திறந்து மூடினால் அது பட்டியின் விரிசல் இல்லை. கரையேறி நாட்கள் கழிந்தும் அதிலிருந்து துருநீர் கசிந்தாலும் அப்படித்தான். இந்த நிலையில் சொந்தக் கைவேலை வேண்டாம், படகுக் கட்டுமானம் தெரிந்த சர்வேயரைக் கூப்பிடுவதுதான் சரி.

ஹல்லையும் தாங்குச் சட்டத்தையும் தனித்தனியாக வார்த்துப் பசையால் ஒட்டிய படகுகளில் இன்னும் எச்சரிக்கை தேவை, அந்த ஒட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற பாய்மரப் படகு கீல் கழன்று கவிழ்ந்தது. அதிலிருந்த 4 பேரும் திரும்பவில்லை. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2015-ல் வெளியிட்ட அறிக்கை, முன்பு தரைதட்டிய சம்பவங்களும் அதையொட்டிச் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீல் பொருந்தும் இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது. ஒட்டிய சட்டம் ஹல்லை விட்டுப் பிரியக்கூடும் என்பதையும் சொன்னது. அதனால் தரைதட்டியது லேசாகத்தான் என்றாலும் சட்டத்தின் ஓரம் முழுக்கத் தட்டிக் கேட்பது கட்டாயம். நீர் தேங்கும் அடிப்பள்ளத்தில் பசைத் துணுக்குகள் உதிர்ந்து கிடந்தால் அவை எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

சுக்கான் பற்றிச் சுருக்கமாக: அதன் தகடு இரண்டு ஓடுகளை ஒட்டிச் செய்தது. விளிம்புத் தையலில் விரிசல் இருந்து, கரையேறிய மறுநாளும் சொட்டினால் உள்ளே தண்ணீர் புகுந்து தண்டின் வெல்டிங்கை அரித்துக்கொண்டிருக்கலாம். சுக்கானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அதைத் திருப்பும் கைப்பிடியான டில்லரை அசைத்தால் டில்லர் மட்டும் தனியாக நகரக் கூடாது.

எல்லாச் சோதனையும் முடிந்து இன்னும் சந்தேகம் இருந்தால் விரிசலைத் திறந்துதான் பார்க்க வேண்டும். சிறு ரோட்டரி டூலில் கூம்பு பிட் மாட்டி, அல்லது பழைய டப்பா திறப்பானின் மூக்கைக் கூராக்கி, கோட்டின் நீளத்துக்கு 'வி' வடிவில் கீறுங்கள். முதலில் வெள்ளைத் தூள் வரும், அது ஜெல்கோட். பச்சை கலந்த, அல்லது தேன் நிற லேமினேட் தட்டுப்பட்டதும் நிறுத்தி, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஈரம் காயும் அந்தச் சில நொடிகள்தான் முக்கியம். பரப்பெல்லாம் உலர்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகக் கருத்து நின்றால் விரிசல் லேமினேட்டுக்குள் இறங்கியிருக்கிறது. ஒன்றும் தெரியாமல் ஒரே சீராக உலர்ந்தால் சேதம் தோலோடு நின்றது. நார்கள் வெண்மையாகப் பூத்துத் தெரிந்தால் ரெசின் நாரை விட்டுப் பிரிந்திருக்கிறது.

தோலோடு நின்ற விரிசலுக்கு ஜெல்கோட் போதும். மெழுகு நீக்கிய பிறகுதான் தேய்க்க வேண்டும், மாற்றிச் செய்தால் உப்புத்தாளே மெழுகை உள்ளே திணித்துவிடும். கீறலின் ஓரங்களை 80-ஆம் நம்பர் தாளால் சாய்த்துத் தேய்த்து, சிலிக்கா தூளில் கெட்டியாக்கிய ஜெல்கோட்டை நிரப்புங்கள். 25 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் ஜெல்கோட்டுக்கு எம்.இ.கே.பி. ஹார்டனர் 2 கிராமுக்குச் சற்றே குறைவாக இருந்தால் சரி. 1.2 கிராமுக்குக் குறைந்தால் கடைசிவரை முழுசாக இறுகாது. 3 கிராமைத் தாண்டினால் மொரமொரப்பாகி மறுபடி வெடிக்கும். அந்த ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். அசிட்டோனோடு அதைக் கலக்கவே கூடாது. காற்றுப் பட்டால் மேற்பரப்பு பிசுபிசுவென்றே இருக்கும் என்பதால், பரப்பைவிட ஒரு நூல் மேடாக நிரப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். மறுநாள் 220-லிருந்து 400, 600, 800, 1000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றலாம்.

லேமினேட்டுக்குள் இறங்கியது என்றால் கிரைண்டர்தான். சேதம் முழுவதையும் எடுத்து, சுற்றிலும் தடிமனைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சாய்வாகச் சீவ வேண்டும்: 5 மி.மீ. லேமினேட்டுக்கு எல்லாப் பக்கமும் 6 செ.மீ. சாய்வு. எப்பாக்ஸி பயன்படுத்தினால் நெய்த அல்லது தைத்த நார்த் துணியே போதும். வெட்டு நார் விரிப்பை (மேட்) பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில் கரையும்படி செய்தது, எப்பாக்ஸியில் கரையாமல் மேட் விறைத்து நிற்கும். எப்பாக்ஸியின் மேல் ஜெல்கோட் பூசுவதானால், எப்பாக்ஸி நன்றாக இறுகியிருக்க வேண்டும், வெந்நீரால் கழுவி 80-ஆம் நம்பரில் தேய்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே உள்ள ஜெல்கோட் இறுகாமல் சப்பென்று உரிந்து வரும்.

வலை விரிசல் மட்டுமே உள்ள டெக்கை அப்படியே விட்டுவிடுவதில் தவறில்லை. பெயின்ட் அடித்து மறைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலியூரத்தேன் பெயின்ட் பளபளப்பைத் தரும், அசையும் விரிசலுக்கு மேல் பாலம் போடாது. தடிமனான எப்பாக்ஸி பிரைமரும் போடாது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பு அசையும் இடங்களைச் சரிசெய்துவிட்டு, பென்சில் கீறல்களின் படங்களைத் தனியே எடுத்துவையுங்கள். பெயின்ட்டுக்கு அடியில் போய்விட்ட கோடு ஆறு மாதம் கழித்து மேலே வந்தால், பழைய கோடா புதிதா என்று அந்தப் படத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.